ஷேர்டு ஹோஸ்டிங்ல இருந்து விபிஎஸ்ஸுக்கு மாறினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திண்ணைவாசி, காரைக்குடி:
தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது ஆச்சி போன் பண்ணினார். அவர் பலகாரக் கடையின் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, சிங்கப்பூர்ல இருந்து மக பேசுறா. நம்ம கடை தொறக்கலையாம்ல." பார்த்தால் வெள்ளைத் திரையில் 508, ரிசோர்ஸ் லிமிட். நாங்கள் இருந்தது ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போட்டுக்கொள்வது. விளம்பரத்தில் எல்லாம் அன்லிமிடெட். இடம் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். ஒரு கணக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி எடுக்கலாம், எத்தனை புராசஸ் ஓட்டலாம் என்பதற்குப் பூட்டு உண்டு. மனகோலம், சீப்புச்சீடை என்று கூட்டம் ஒரே நேரத்தில் வந்ததும் அந்தப் பூட்டு விழுந்துவிட்டது.

அன்று ராத்திரியே விபிஎஸ்ஸுக்கு (விர்ச்சுவல் பிரைவேட் சர்வர்) மாறினேன். மாசம் கூடுதல் காசு எதற்கு என்று ஆச்சிக்குச் சொல்ல வேண்டுமே. ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதில் ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அதைப் பல கம்ப்யூட்டராகப் பிரித்துக் கொடுக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி ரேம், தனி ஐபி என்று சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நிறுத்தி, "அப்ப வேறு வச்சாச்சுன்னு சொல்லு" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு: நகரத்தார் வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பது வழக்கம். முகப்பும் வளவும் கிணறும் எல்லோருக்கும் பொது. அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தப் புதுக் குடும்பத்துக்கு, தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. விபிஎஸ் பற்றி நான் படித்த எந்த விளக்கமும் இவ்வளவு கச்சிதமாக இல்லை. ஆனால் ஆச்சி அதோடு விடவில்லை. "சட்டி பானை யாரு கழுவுறது?" என்றார்.

அதை நான் யோசிக்கவே இல்லை. நான் வாங்கியது அன்மேனேஜ்டு. சர்வர் ஓடுகிறதா என்பது வரைதான் கம்பெனி பார்க்கும். உள்ளே நடக்கிறதெல்லாம் நம் பாடு. மூன்றாம் நாள் விடிகாலையில் தளம் செத்துக் கிடந்தது. சர்வர் நடப்பதையெல்லாம் குறித்து வைக்கும் லாகில் அவுட் ஆஃப் மெமரி. டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லை, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் வெட்டிப் போட்டிருந்தது. இருந்தது 1 ஜிபி ரேம். உபுண்டு என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில், பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி வெப் சர்வரை பிரிஃபோர்க் முறையில் அப்படியே விட்டால் 150 புராசஸ் வரை கிளப்பும். எங்கள் வேர்ட்பிரஸ்ஸில் ஒவ்வொன்றும் 50 எம்பி தின்றது. பெருக்கிப் பாருங்கள், 7.5 ஜிபி. ஒரு படி அரிசியை வைத்துக்கொண்டு ஊருக்கே பந்தி போட்ட கதை. மெமரி தீர்ந்ததும் கெர்னல் அதிகம் தின்கிற ஆளாகப் பார்த்து வெட்டும். பெரும்பாலும் சிக்குவது டேட்டாபேஸ்தான். 150ஐ 10 ஆக்கி, ரேம் போதாதபோது கைகொடுக்க டிஸ்கில் 2 ஜிபி ஸ்வாப் வைத்து, பக்கங்களை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொள்ளும்படி கேஷ் பண்ணினேன். தீபாவளி தப்பியது.

ஆத்தங்குடிக்கல்:
எங்க கதை வெட்கக்கேடு. சர்வர் வாங்கின அன்னைக்கே லாகைத் திறந்தா, எங்கெங்கிருந்தோ ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்துக்கிட்டே இருக்காங்க. பயந்துபோய் ஃபயர்வாலை ஆன் பண்ணினேன், தூரத்துல இருந்து சர்வருக்குள்ள நுழையிற எஸ்எஸ்எச்சோட வாசலான 22ஆம் போர்ட்டை அனுமதிக்காமலே. வெளியே வந்துட்டு மறுபடி நுழையப் பார்த்தா முடியல. சாவியை உள்ளே வச்சுட்டு பர்மாத் தேக்குக் கதவைச் சாத்தின மாதிரி. நல்லவேளை, கம்பெனி டாஷ்போர்டில் கன்சோல்னு ஒண்ணு இருந்தது, எஸ்எஸ்எச் இல்லாமலே சர்வர் திரையைக் காட்டும். அது வழியாப் புகுந்து திறந்தேன். இப்ப பாஸ்வேர்டு லாகினே கிடையாது, என் கம்ப்யூட்டர்ல இருக்கிற கீ ஃபைல் மட்டும்தான்.

தேவகோட்டை_ரஸ்தா:
எல்லாரும் விபிஎஸ் வாங்குங்கன்னு ஆகிடக் கூடாது. எனக்குக் கண்டாங்கிச் சேலைக் கடை. பதினாறு படம், விலை, வாட்ஸப் எண், அவ்வளவுதான். இதுக்கும் ஒருத்தர் விபிஎஸ்ஸைத் தலையில கட்டிட்டுப் போயிட்டார். ஒரு வருஷம் யாரும் அப்டேட் போடல. ஒருநாள் பார்த்தா சிபியு நூத்துக்கு நூறு. எவனோ உள்ளே புகுந்து டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற கிரிப்டோ மைனர் ஓட்டிக்கிட்டிருக்கான். நான் பில் கட்ட, அவன் காசு பார்க்க! இப்ப வெறும் ஹெச்டிஎம்எல் பக்கமா இலவச இடத்துல கிடக்கு, நிம்மதி.

திண்ணைவாசி:
ரஸ்தா அண்ணே சொல்வது சரி. ஆர்டர், லாகின் எதுவும் இல்லாத தளத்துக்கு நானும் விபிஎஸ் சொல்ல மாட்டேன்.

புதுவயல்_மில்:
ஆர்டர் மெயில் யாருக்குமே போய்ச் சேரல. கோடிங் தப்புன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சேன். கடைசியில் ஸ்பேமுக்குப் பயந்து கம்பெனியே மெயில் வெளியே போற 25ஆம் போர்ட்டை அடைச்சு வச்சிருக்கு. தனி மெயில் சேவை ஒண்ணு எடுத்து 587ஆம் போர்ட் வழியா அனுப்பினேன், போய்ச் சேர்ந்துச்சு. இன்னொண்ணு: அப்பப்ப தளம் காரணமில்லாம இழுக்குதே, அது ஏன்?

திண்ணைவாசி:
சர்வரில் டாப் என்ற கமாண்டை ஓட்டி, எஸ்டி (ஸ்டீல்) என்ற எண்ணைப் பாருங்கள். நமக்கு வர வேண்டிய சிபியு நேரத்தை ஹைப்பர்வைசர் பக்கத்து ஆளுக்குக் கொடுத்திருந்தால் அது ஏறும். அடுப்பு தனியானாலும் கிணறு ஒன்றுதானே. தொடர்ந்து ஏறியே இருந்தால் வேறு சர்வருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கானாடுகாத்தான்_மச்சு:
பேக்கப் பத்தி யாரும் பேசலையே. எங்க ஹோம்ஸ்டே புக்கிங் விபிஎஸ்ல ஓடிச்சு, முழு சர்வரையும் அப்படியே காப்பி எடுக்கிற ஸ்னாப்ஷாட் வாராவாரம். ஏடிஎம் கார்டு காலாவதியாகி மாசப் பணம் போகல. கம்பெனி எச்சரிக்கை அனுப்பியிருக்கு, அந்த சர்வர்லயே ஓடின மெயில் முகவரிக்கு! சர்வரை நிறுத்தினதும் மெயிலும் நின்னுடுச்சு, அப்புறம் வந்த எதுவும் எனக்குத் தெரியாது. நான் முழிச்சுக்கும்போது கணக்கையே அழிச்சிருந்தாங்க, கூடவே ஸ்னாப்ஷாட்டும். மூணு வருஷத்துப் புக்கிங் போச்சு. பேக்கப்பை அதே கம்பெனியில மட்டும் வைக்காதீங்க, கைகூப்பிக் கேட்டுக்கிறேன்.

திண்ணைவாசி:
மச்சு எழுதியதைப் படித்த அன்றே ஒரு ஏற்பாடு செய்தேன். ஆச்சி வீட்டு ரெண்டாங்கட்டில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப். தினம் ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் காப்பி அதில் இறங்கும். நேற்று போய்ப் பார்த்தேன். நாலு நாளாக ஒன்றும் இறங்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் கிரைண்டர் போட்டிருக்கிறார்கள்.