நம்ம வீடு குழு: அப்பாவோட ஐஎன்ஆர்

அம்மா (காலை 7:42): கவிதா, அப்பாவுக்கு ரத்தம் உறையற நேரம் பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் ரிசல்ட் வந்துருச்சு. 1.6னு போட்டுருக்கு. போன மாசம் 2.8. கொறஞ்சுருக்கு, நல்லதுதானே?

கவிதா (7:50): இல்லம்மா. அப்பாவுக்கு இதயத்துல வச்சிருக்கறது உலோக மைட்ரல் வால்வு. 2.5லருந்து 3.5க்குள்ள நிக்கணும். கொறஞ்சா வால்வுல ரத்தம் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். மாத்திரை விட்டுட்டாரா?

அப்பா (7:53): ஒரு வேளைகூட விடலம்மா. காலண்டர்ல டிக் அடிச்சு வச்சுருக்கேன்.

கவிதா (7:54): சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தம்?

அம்மா (7:58): ஒண்ணுமில்லையே. காத்துல முருங்கைக் கெளை ஒடிஞ்சு விழுந்துச்சு. வீணாகுதேன்னு அஞ்சு நாளா கீரை. பொரியல், அடை, சூப்பு.

கவிதா (8:05): அதாம்மா விஷயம். ரத்தம் உறையறதுக்கான புரதத்தைக் கல்லீரல் செய்யறப்போ வைட்டமின் கே வேணும். அப்பா சாப்பிடற அசிட்ரோம் மாத்திரை அந்த கே-யோட வேலையத்தான் தடுக்குது. முருங்கைக்கீரைல கே கொட்டிக் கெடக்கு. அஞ்சு நாள் சேந்தாப்ல சாப்பிட்டா மாத்திரை எடுபடாது.

அம்மா (8:07): ஐயோ, நானே கெடுத்துட்டேனா! இனிமே இந்த வீட்ல கீரையே கெடையாது.

கவிதா (8:11): அதுவும் வேண்டாம்மா. அடியோட நிறுத்தினா ஐஎன்ஆர் ஏறிடும், பல்லு தேய்க்கறப்போ ஈறுல ரத்தம் வரும். எப்பவும்போல வாரம் ரெண்டு நாள், ஒரு கரண்டி. அந்த அளவு மாறாம இருந்தா, டாக்டர் அதுக்குத் தக்கன மாத்திரைய வச்சுக்குவார்.

சித்தப்பா (8:20): இந்த வைட்டமின் கே-யக் கண்டுபிடிச்சது டென்மார்க்ல ஹென்ரிக் டாம். கொழுப்பு எடுத்த தீனி தின்ன கோழிக்குஞ்சுங்களுக்குத் தோலுக்கடில ரத்தம் கசிஞ்சுது. அங்கருந்து பிடிச்சுப் போனார். உறைதலுக்கு அவங்க மொழில முதல் எழுத்து கே. 1943க்கான நோபல் பரிசு இதுக்குத்தான்.

அண்ணி (8:24): பாப்பா பொறந்தன்னிக்குத் தொடைல ஊசி போட்டாங்களே, அதுவும் கே தானே கவிதா?

கவிதா (8:29): ஆமா அண்ணி, 1 மில்லிகிராம். பச்சப்புள்ளைங்க உடம்புல கே இருப்பு ரொம்பக் கொஞ்சம், தாய்ப்பால்லயும் கம்மி. ஊசி போடாம விட்டா சில குழந்தைங்களுக்கு மூளைக்குள்ளயே ரத்தம் கசியும். யாராச்சும் வேண்டாம்னு சொன்னா விடாதீங்க.

அப்பா (8:33): அப்ப ராத்திரிக்கு மாத்திரை ரெண்டாப் போட்டுக்கவா?

கவிதா (8:33): அப்பா, வேண்டவே வேண்டாம்! இப்பவே டாக்டருக்குப் போன் போடுங்க.

அப்பா (9:16): பேசிட்டேன். அளவு மாத்திச் சொல்லிருக்கார். வியாழக்கெழமை திரும்ப ரத்தம் குடுக்கணும்.

அம்மா (9:18): மிச்சக் கீரைய எதிர்வீட்டுக்குக் குடுத்துட்டேன். அவங்க யாருக்கும் இந்த மாத்திரை இல்லயான்னு கேட்டுட்டுத்தான் குடுத்தேன்.