ஃபோனான்: 'ஒலியன்' வேண்டாம், 'அதிர்துளி' வைப்போம்

> ஃபோனானுக்கு 'ஒலியன்' போதும். கிரேக்கத்தில் 'ஃபோனே' என்றால் ஒலிதானே?

வணக்கம் ஐயா. திடப்பொருளில் அணுக்கள் சேர்ந்து அதிரும் ஆற்றலின் மிகச்சிறு அலகைத்தான் ஃபோனான் என்கிறோம். அதன் வேர் 'ஃபோனே' தான், மறுக்கவில்லை. ஆனால் 'ஒலியன்' என்ற சொல்லை மொழியியலார் என்றோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் க், ச், ட் எல்லாம் ஒலியன்கள். ஒளித்துகளான போட்டானை 'ஒளியன்' என்பவர்களும் உண்டு. வகுப்பில் வாயால் சொல்லும்போது லகர ளகரம் குழம்பினால் மாணவர் பாடு திண்டாட்டம். அதைவிடப் பெரிய சிக்கல், ஃபோனானில் ஒலியியல் வகை, ஒளியியல் வகை என இரண்டு உண்டு. 'ஒளியியல் ஒலியன்' என்று எழுதிப் பாருங்கள்!

பொருளிலிருந்து தொடங்குவோம். செம்பில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலக்ட்ரான்கள். கரிமத்தில் (கார்பன்) அப்படியல்ல, அணுக்களின் அதிர்வே சுமக்கிறது. வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பத்தையோ செம்பைப்போல் ஐந்து மடங்கு கடத்தும். எடை குறைந்த அணு, விறைப்பான பிணைப்பு. ஓரிடத்தில் அசைத்தால் அதிர்வு வெகுதூரம் ஓடும். 2008-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் ஆய்வாளர் பாலண்டினின் குழு சிலிக்கான் சில்லில் வெட்டிய பள்ளத்தின் மேல் ஓரணுத் தடிமனுள்ள கரிமத் தாளான கிராபீனைத் தொங்கவிட்டு, நடுவில் லேசரால் சூடேற்றி அளந்தது. வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 5000 வாட், செம்புக்கு 400. அதே கிராபீனைச் சிலிக்கா மேல் படியவைத்தால் 600 அளவுக்கு விழுந்துவிடுகிறது. வெண்கல மணியை அடித்துவிட்டு விளிம்பில் விரல் வைத்தால் நாதம் அடங்குமே, அதுபோலத்தான். தாள் மாறவில்லை, அதிர்வுக்குத் தடை வந்துவிட்டது.

ஆகவே சொல்லில் 'அதிர்' இருக்க வேண்டும். 'அதிர்வி' என்றால் அதிரவைக்கும் கருவி என்று கொள்வார்கள். என் பரிந்துரை 'அதிர்துளி'. ஓர் அதிர்வெண்ணில் ஆற்றல் முழுத் துளிகளாகவே கூடும், குறையும். அரைத் துளி கிடையாது. அந்த எண்ணத்தக்க தன்மையைத் 'துளி' தாங்குகிறது.

வினைத்தொகையாக விரித்தால் துளியே அதிர்வதாகப் பொருள்படும், 'அதிர்வுத்துளி' தான் சரி என்று அக்கா ஒருவர் தனிமடலில் எழுதினார். இலக்கணப்படி அவர் சொல்வது வலுவானது. ஆனால் 'அதிர்வுத்துளிச் சிதறல்' நாக்கில் இழுக்கிறது. 'அதிர்துளிச் சிதறல்' ஓடுகிறது. சுருக்கத்துக்காக இந்த நெகிழ்வை ஏற்கலாம் என்பது என் எண்ணம்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கரிம நானோகுழாயில் வெப்பத்தை அதிர்துளிகளே சுமக்கின்றன, குழாயில் பழுதுகள் கூடக்கூட அவை சிதறி, கடத்துத்திறன் குறைகிறது."

இதே வாக்கியத்தில் உங்கள் சொல்லையும் இட்டு எழுதி அனுப்புங்கள் ஐயா, ஒப்பிட்டுப் பார்ப்போம்.