தம்பிக்குப் பிணைக் கையெழுத்து: நீதிமொழிகள் 6 சொல்வதா, மத்தேயு 5:42 சொல்வதா?

ஜெலுத்தோங் அக்கா:

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். வியாழக்கிழமைக்குள் தம்பிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு 34 வயது. அப்பா இறந்தபோது அவன் படிவம் ஒன்றில், இடைநிலைப் பள்ளியின் முதல் வருடத்தில், இருந்தான். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. என் சம்பளத்தில்தான் வளர்ந்தான். இப்போது கேட்டரிங் செய்கிறான்: பிறந்தநாள், நிச்சயதார்த்தம், சபையில் ஐக்கிய விருந்து. கைமணம் உள்ளவன், கணக்குதான் வராது. புது வேன் எடுக்க பேங்கில் 68,000 வெள்ளி (ரிங்கிட்) கடன் கேட்டிருக்கிறான். ஏழு வருடம், மாதம் ஆயிரத்துச் சொச்சம். பழைய கிரெடிட் கார்டு கடன் ஒன்று இழுத்துக்கொண்டு கிடந்ததால் பேங்க் பிணையாள் கேட்கிறது. "ஒரு கையெழுத்துதானே அக்கா" என்கிறான்.

எங்கள் அப்பாவும் ஒரு கையெழுத்துதான் போட்டார். பட்டர்வொர்த்தில் கூட வேலை செய்தவருக்காக. அந்த மனிதர் ஜோகூர் பக்கம் வேலை என்று போனவர், திரும்பவே இல்லை. மூன்று வருடம் அப்பாவின் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்து, ஒரு தடவை போனது வரவில்லை. அப்புறம் தையல் மிஷின். "செலுத்த உனக்கு ஒன்றுமில்லாதிருந்தால், நீ படுத்திருக்கும் படுக்கையையும் அவன் எடுத்துக்கொள்ளவேண்டியதாகுமே" என்று நீதிமொழிகள் 22:27ஐ வாசிக்கும்போதெல்லாம், மிஷின் இருந்த அந்த மூலை கண்ணுக்கு முன் வருகிறது.

என் கணவர் வேண்டாம் என்கிறார். அம்மா என்னோடுதான் இருக்கிறார். ஒன்றும் சொல்வதில்லை, தம்பி வந்துவிட்டுப் போன பிறகு என் முகத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வேதம் எனக்கு இரண்டு பக்கமும் பேசுகிறது. நீதிமொழிகள் 6, 11, 17, 22 எல்லாம் பிணைப்படாதே என்கின்றன. மத்தேயு 5:42 "கேட்கிறவனுக்குக் கொடு" என்கிறது. 1 தீமோத்தேயு 5:8 சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. எல்லாவற்றையும்விட எபிரெயர் 7:22 என்னைத் தூங்க விடவில்லை. இயேசுவையே அங்கே பிணையாளி என்று எழுதியிருக்கிறது. என் ஆண்டவர் எனக்காகப் பிணை நின்றிருக்க, நான் கையால் சோறு ஊட்டி வளர்த்த பையனுக்கு நிற்க மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

"ஜெபம் பண்ணுங்கள், சமாதானம் வந்தால் போடுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். ஜெபித்துவிட்டேன். போடுவதாக நினைத்தாலும் சமாதானம் இல்லை, மறுப்பதாக நினைத்தாலும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் குமாஸ்தா:

சகோதரி, வசனத்தை மற்றவர்கள் சொல்லட்டும். வக்கீல் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவன் என்பதால் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

2017இல் மலேசியாவின் திவால் சட்டத்தைத் திருத்தியபோது "சமூகப் பிணையாளர்" என்று ஒரு பாதுகாப்பு வந்தது. படிப்புக் கடன், குடியிருக்கும் வீட்டுக் கடன், சொந்த உபயோகத்துக்கான வண்டிக் கடன், இவற்றுக்கு லாபம் எதிர்பாராமல் பிணை நின்றவரைத் திவாலாக்க முடியாது. உங்கள் தம்பியின் வேன் தொழிலுக்கு. அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. கடன் ஒரு லட்சம் வெள்ளிக்குக் கீழே என்பதால் திவால் வழக்கு வராமல் இருக்கலாம், ஆனால் பாக்கியைக் கேட்டு உங்கள் மேல் சாதாரண வழக்குப் போடலாம். வேனை இழுத்துப்போய் ஏலம் விட்ட பிறகு குறைகிற தொகையையும் உங்களிடம் கேட்கலாம். இதை அறியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் அழுதுகொண்டு வந்து உட்கார்ந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தம்பியின் கார்டு கடனுக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகச் சொல்லுங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் ஏற்படுத்தியது. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

ஞாயிறு பள்ளி வாத்தியார், செந்தூல்:

அக்கா, எபிரெயர் 7:22ஐ நீங்கள் எழுதியிருந்ததால் நேற்று ராத்திரி இதே யோசனைதான்.

யூதா தன் தகப்பனிடம் தம்பி பென்யமீனுக்காக உத்தரவாதம் நிற்கிறேன் என்று சொல்கிறானே, ஆதியாகமம் 43:9இல், அங்கே எபிரெயத்தில் வருகிற வினைச்சொல்லும் நீதிமொழிகள் 6:1இல் "பிணைப்பட்டு" என்று வருவதும் ஒன்றேதான். ஆக, பிணை நிற்பதே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. நின்ற விதத்தைப் பாருங்கள். எகிப்தில் பென்யமீன் மாட்டிக்கொண்டபோது யூதா முன்னால் வந்து, இவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான் (44:33). பவுல் சிறையிலிருந்து ஒநேசிமு என்ற அடிமைக்காக அவன் எஜமான் பிலேமோனுக்கு எழுதியபோது, அவன் கட்டுவான், கட்டாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதவில்லை. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்றார், சொந்தக் கையால் எழுதினேன் என்றும் சேர்த்தார். நம் ஆண்டவரும், நாம் கட்டிவிடுவோம் என்ற நம்பிக்கையில் பிணை நிற்கவில்லை. நம்மிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்தே நின்றார். முழுவதையும் தாமே கட்டினார்.

பேங்கில் போடுகிற கையெழுத்து அப்படிப்பட்டதா? தம்பி கட்டிவிடுவான் என்று நம்பித்தானே போடுவீர்கள்? இன்றைக்கே "68,000த்தையும் நான் கட்டுகிறேன்" என்று சொல்ல முடிந்தால் யூதாவைப்போல நில்லுங்கள், நான் தடுக்க மாட்டேன். முடியாது என்றால், நீங்கள் அடகு வைப்பது உங்களை மட்டுமல்ல. கணவரும் பிள்ளைகளும் அம்மாவும் படுக்கிற படுக்கையையும் சேர்த்துத்தான். அதை அவர்களைக் கேட்காமல் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

மத்தேயு 5:42இல் இருக்கிற சொல் "கொடு". கொடுத்தது கொடுத்த அன்றோடு முடிந்துவிடும். கையெழுத்து ஏழு வருடம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

2 இராஜாக்கள் 4ஐ எடுத்து வாசியுங்கள். கடன் கொடுத்தவன் ஒரு விதவையின் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். தீர்க்கதரிசி எலிசா பிணை நிற்கவும் இல்லை, வசனம் சொல்லி அனுப்பவும் இல்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்று கேட்கிறார். உங்கள் தம்பியை யாராவது அப்படிக் கேட்டோமா?

என் கதையையும் சொல்ல வேண்டும். என் தங்கை ஒரு முறை கடைக்காக இப்படிக் கேட்டு வந்தாள். நான் நீதிமொழிகள் 17:18ஐ விரித்து வாசித்துக் காட்டி, டீ கொடுத்து அனுப்பினேன். சட்டைப்பையில் காசு இருந்தது. "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று யாக்கோபு 2:16இல் வருகிறதே, அதேதான் செய்தேன். நான் வாசித்த வசனம் சரி. செய்தது தவறு. இரண்டு வருடம் அவள் என் வீட்டுப் படி ஏறவில்லை. கையெழுத்தை மறுங்கள் அக்கா, வெறுங்கையோடு மட்டும் மறுக்காதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாம் மரியாயி:

நான் கத்தோலிக்கம். ஜூலை 26 அன்னம்மாள் திருவிழாவுக்கு வந்திருந்தால் எங்கள் கோவிலைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் வேதாகமத்தில் இல்லாத சீராக்கின் ஞானம் என்ற ஆகமம் எங்களிடம் இருக்கிறது. அதன் 29ஆம் அதிகாரத்தில் பெரும்பகுதி உங்கள் கேள்விதான். நல்லவன் அயலானுக்குப் பிணை நிற்பான் என்று 14ஆம் வசனம். பிணை நின்றவர் செய்த உதவியை மறக்காதே என்று அடுத்தது. நன்றாக வாழ்ந்தவர்களைப் பிணை அழித்திருக்கிறது என்று 18. பிறகு 20இல், உன்னால் முடிந்த அளவு அயலானுக்கு உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று முடிகிறது. இது என் சொல்லில் சொன்னது, புத்தகத்தை எடுத்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

தம்பிக்கு இதுதான் கடைசி வழி என்று தோன்றினால் ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோத வட்டிக்காரனிடம், போய்விடப் போகிறான். அதையும் கவனியுங்கள், அக்கா. எங்கள் வீட்டு வாசலில் சிவப்புப் பெயிண்ட் ஊற்றினார்கள். என் அண்ணன் வாங்கிய கடனுக்கு.

ஜெலுத்தோங் அக்கா:

எல்லோருக்கும் நன்றி. மரியாயி, சீராக் 29ஐ வேலையிடத்துத் தோழியிடம் வாங்கி வாசித்தேன். எங்கள் வேதாகமத்தில் இல்லாவிட்டாலும் யாரோ எங்கள் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

புதன்கிழமை ராத்திரி தம்பியை வரச்சொன்னேன். கணவரும் கூட உட்கார்ந்தார். அம்மாவையும் கூப்பிட்டேன். இதுவரை இப்படிப்பட்ட பேச்சில் அம்மாவை நாங்கள் உட்கார வைத்ததே இல்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பிறகு வாத்தியார் சொன்னபடி, உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கோபத்தில், "இரண்டு அண்டாவும் ஒரு கேஸ் அடுப்பும்" என்றான். அம்மாதான் விடாமல் கேட்டார்: மாதம் எத்தனை ஆர்டர், எவ்வளவு அட்வான்ஸ் வாங்குகிறாய், யார் இன்னும் பாக்கி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதினேன். மற்றவர்கள் அவனுக்குத் தர வேண்டியது மட்டும் 4,300 வெள்ளி வந்தது. அவனே அதிர்ந்துபோனான். அதில் ஒரு பெயர் எங்கள் சபையிலேயே இருக்கிறது.

நானும் கணவரும் 8,000 வெள்ளி எடுத்து வைத்திருந்தோம். கடனாக இல்லை, திருப்பித் தர வேண்டாம் என்றோம். பழைய வேன் பார், கார்டு கடனுக்கு ஏகேபிகே போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன். "எனக்குப் பிச்சை போடுகிறாயா அக்கா" என்று எழுந்து போய்விட்டான். பணம் மேஜையிலேயே கிடந்தது. நான் அன்றைக்குத் தூங்கவில்லை. ஆனால் இதற்கு முன்பு தூங்காமல் கிடந்த ராத்திரிகளைப்போல அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வரவில்லை. அம்மா அவனுக்கும் சேர்த்து மீன் பொரித்து மூடி வைத்திருந்தார்.

நேற்று போனில் ஒரு படம் அனுப்பினான். சுங்கை டுவாவில் யாரோ விற்கிற பழைய வேன், 14,500 என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சனிக்கிழமை காலையில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறேன்.