ஐஸ் ஹாக்கி ஸ்கேட் ஹோல்டர் வெடித்துவிட்டது, வேலூர் பக்கம் மாற்ற வழி உண்டா?

கணியம்பாடிக்காரன்:

வெயிலூர் என்று ஊரே கிண்டல் செய்யும் இடத்திலிருந்து ஐஸ் ஸ்கேட் பற்றிக் கேட்கிறேன். சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ராணுவத்தில் இருக்கிறேன், பணி லடாக்கில். எந்த யூனிட், எந்த முகாம் என்றெல்லாம் கேட்க வேண்டாம். குளிர்காலத்தில் குளம் உறைந்துவிட்டால் அங்கே ஐஸ் ஹாக்கிதான் பொழுதுபோக்கு. சீனியர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன் ஸ்கேட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பூட் என் காலுக்குக் கச்சிதம். சீசன் கடைசியில் வலது காலில் பக் (பந்துக்குப் பதில் அடிக்கும் ரப்பர் வட்டு) பலமாகப் பட்டது. பிளேடைப் பிடித்திருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஹோல்டரில், குதிகால் பக்கத்துத் தூண் வெடித்துவிட்டது. விரிசலில் நகம் நுழைகிறது. இடது ஹோல்டரில் விரிசல் இல்லை, ஆனால் பூட்டோடு சேரும் இடத்தில் ரிவிட் ஒன்று லூஸாகி, ஆட்டினால் டக் டக் என்கிறது. பிளேடு இரண்டும் தேய்ந்து உயரம் குறைந்திருக்கிறது.

இப்போது விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். ஸ்கேட்டும் கையோடு வந்திருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் மாமா பையன் அடுத்த மாதம் வருகிறான், சொன்னால் வாங்கி வருவான். என்ன வாங்கி வரச் சொல்வது? ஹோல்டர் மட்டும் மாற்றினால் போதுமா, பிளேடும் சேர்த்தா? எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த பொருளை இங்கே யார் பொருத்துவார்கள்? ஹோல்டர் மேல் 280 என்று அச்சாகியிருக்கிறது.

மாங்காய்மண்டி மெக்கானிக்:

சார், விரிசலில் அரால்டைட் பசை விட்டு ஒரு நாள் காயவிடுங்கள். மேலே ஒரு கிளாம்ப் போட்டால் கல்லு மாதிரி நிற்கும். எதற்கு வெளிநாட்டுச் செலவு?

ஸ்கார்பரோ தமிழ்:

அந்த வேலை மட்டும் வேண்டாம். இங்கே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஸ்கேட் பழுது பார்க்கும் மேசையில் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். திரும்பும்போது ஆட்டக்காரரின் முழு எடையும் ஒரே காலில், அதுவும் சாய்ந்த நிலையில் அந்தத் தூண் மேல் இறங்குகிறது. பசை போட்ட பிளாஸ்டிக் அதைத் தாங்காது. லடாக் குளிரில் இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருக்கும்போது பிளேடு கழன்றால் விழுவது நீங்கள் மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவர் காலையும் அது கிழிக்கும்.

அண்ணா, 280 என்பது மில்லிமீட்டர் அளவு. அது மட்டும் போதாது. பாவர் கம்பெனியின் டூக் ஹோல்டரிலும் 280 உண்டு, சிசிஎம் கம்பெனி ஹோல்டரிலும் 280 உண்டு. ஒன்றின் பிளேடு மற்றதில் உட்காராது. மற்ற அளவுகள் டூக்கில் 272, 288 என்று போகும், சிசிஎம்மில் 271, 287 என்று போகும். 280 மட்டும் எண் ஒன்றாக இருப்பதால் நிறையப் பேர் மாற்றி வாங்கிவிட்டு முழிப்பார்கள். ஒரே கம்பெனியிலும் பழைய மாடல் பிளேடு புது மாடலில் சேராது. அதனால் முதலில் இரண்டு விஷயம் பாருங்கள். ஹோல்டர் பக்கவாட்டில் என்ன பெயர் இருக்கிறது? பிளேடை எப்படிக் கழற்றுகிறீர்கள்? உள்ளங்கால் அட்டையை எடுத்துவிட்டு பூட்டுக்குள்ளிருந்து போல்ட் கழற்றுகிற வகையா, அல்லது வெளியே விரலால் இழுக்கும் விசை இருக்கிறதா?

கணியம்பாடிக்காரன்:

டூக் என்று இருக்கிறது, அதன் கீழே லைட்ஸ்பீட் எட்ஜ். குதிகால் தூணுக்குள் துப்பாக்கி விசை மாதிரி ஒன்று உண்டு. இழுத்தால் பிளேடு கையோடு வந்துவிடும். விரிசல் சரியாக அந்த விசை இருக்கும் இடத்தில்தான்.

ஸ்கார்பரோ தமிழ்:

அப்படியென்றால் குழப்பமே இல்லை. அதே எட்ஜ், அதே 280 வாங்கி வரச் சொல்லுங்கள். இடது, வலது பார்த்து வாங்க வேண்டும், தம்பிக்கு அதைத் தனியாகச் சொல்லி அனுப்புங்கள். ஹோல்டர் பெரும்பாலும் பிளேடு இல்லாமல்தான் வரும், அதையும் கடையில் கேட்டுக்கொள்ளட்டும்.

வேறு கம்பெனி ஹோல்டருக்கு மாறலாமா என்று ஒரு ஆசை வரும். மாறலாம், ஆனால் பூட்டின் அடியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளோடு புதுசின் துளைகள் பொருந்தாது. பழையதை எபாக்சி போட்டு அடைத்துவிட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். அருகருகே துளை விழுந்தால் அடித்தட்டு பலவீனமாகும். ஊரில் ஒரே முயற்சியில் முடிக்க வேண்டிய வேலைக்கு அது தேவையில்லாத தலைவலி.

பிளேடு விஷயம்: சாய்ந்து திரும்பும்போது ஹோல்டர் பிளாஸ்டிக்கே ஐஸில் உரசுகிறதா? உரசினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. மாற்றினால் ஜோடியாகத்தான். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் இரண்டு காலும் இரண்டு உயரத்தில் நிற்கும். விலை கூடிய கறுப்புப் பூச்சு ஸ்டீல் வாங்கலாமா என்றால், என் கணக்கில் உங்களுக்கு அது பிரயோஜனப்படும். உள்ளரங்க ஐஸ் சுத்தமாக இருக்கும். குளத்து ஐஸில் மணலும் தூசியும் படிந்திருக்கும், சாதாரண விளிம்பு சீக்கிரம் மழுங்கும். கடினமான ஸ்டீல் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். காசு இல்லை என்றால் சாதாரண ஸ்டெயின்லெஸ் போதும், ஆட்டம் நின்றுவிடாது.

இடது ஹோல்டரை மாற்ற வேண்டாம். அந்த ரிவிட்டை மட்டும் எடுத்துவிட்டுப் புதுசு அடித்தால் சரியாகிவிடும். பக்கத்து ரிவிட்டுகளையும் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், ஒன்று லூஸானால் அதன் பாரம் அடுத்ததன் மேல் விழுந்திருக்கும்.

மாங்காய்மண்டி மெக்கானிக்:

சரி, பசை வேண்டாம். ரிவிட்தானே? பாப் ரிவிட் கன் என்னிடம் இருக்கிறது. பஸ் பாடி வேலைக்கு அடிக்கிறோம். ஸ்கேட்டைக் கொண்டு வாருங்கள், அரை மணியில் அடித்துத் தருகிறேன். பழைய பிளேடுக்கும் சாணை பிடித்துவிட்டால் புதுசே வேண்டாமே.

ஆம்பூர் லெதர் பாய்:

மெக்கானிக் தம்பி, மனசு நல்ல மனசு. ஆனால் பாப் ரிவிட் தகரத்துக்குச் சரி. உள்ளே குழாய், அலுமினியம் வேறு. ஸ்கேட் பூட் தினமும் அதிரும், கொஞ்ச நாளில் அதே டக் டக் மறுபடி ஆரம்பிக்கும்.

நான் ஷூ கம்பெனியில் லாஸ்டிங் (அச்சில் இழுத்து வடிவம் கொடுப்பது), ஃபினிஷிங் இரண்டிலும் பல வருஷம் இருந்தவன். ஐஸ் ஸ்கேட் நான் கையில் தொட்டதில்லை, ஆனால் பூட்டுக்கு அடியில் ரிவிட் அடிப்பது எங்களுக்கு அன்றாட வேலை. செம்பு ரிவிட் எடுங்கள். இரும்பு ரிவிட் ஈரம் பட்டால் துரு பிடிக்கும். ஸ்கேட் என்றால் தினமும் ஈரம்தான். செம்பு மென்மையானது, அடித்தால் அழகாக விரிந்து பிடிக்கும். நீளம் முக்கியம். அதிகமானால் அடிக்கும்போது வளைந்துபோகும், குறைந்தால் விரிய இடம் இருக்காது. பழைய ரிவிட் ஒன்றை முழுசாகக் கழற்றி வைத்துக்கொண்டால் அதை மாதிரியாகக் காட்டிக் கேட்கலாம்.

கழற்றும்போது அவசரம் வேண்டாம். ரிவிட்டின் தலையை மட்டும் டிரில்லால் சீவிவிட்டு, பன்ச் வைத்துத் தட்டி வெளியே தள்ளுங்கள். டிரில் உள்ளே இறங்கித் துளையைப் பெரிசாக்கிவிட்டால் புது ரிவிட் அதில் ஆடும். உள்பக்கம் விரிந்த பகுதி மேடாக நிற்காமல் படிய வேண்டும், இல்லாவிட்டால் இன்சோல் வழியாகப் பாதத்தைக் குத்தும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. விரல் பக்கத்துக் கடைசி துளைகள் வரை, ரிவிட்டைத் தாங்கும் இரும்பு பூட்டுக்குள் போக வேண்டும். செருப்பு தைப்பவர் வைத்திருக்கும் மூன்று கால் இரும்பு அவ்வளவு தூரம் நுழையாது. நீளமான கை உள்ள மெஷின் வேண்டும். அது எங்கள் பக்கம் சில பட்டறையில் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் ஆம்பூர் பக்கம்தானே, ஒரு நாள் வாருங்கள். மாவட்டத்தை எத்தனையாகப் பிரித்தாலும் நமக்கு வட ஆற்காடு ஒன்றுதான்.

ஸ்கார்பரோ தமிழ்:

பாய் சொல்வது நூற்றுக்கு நூறு. விரல் நுனியில் மெஷின் எட்டவில்லை என்றால் அந்த இரண்டு துளைக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட், நட்டு போடுவது இங்கேயும் நடக்கிற வழக்கம்தான். நட்டு கழலாமல் இருக்க போல்ட்டின் மரையில் லாக் பசை ஒரு சொட்டு விடுங்கள்.

பாய், ரிவிட் அடிப்பதற்கு முன் ஒரு விஷயம். ஹோல்டரை முதலில் முன்னே இரண்டு, பின்னே இரண்டு தற்காலிக போல்ட் போட்டு லேசாக நிறுத்துங்கள். பிளேடை உள்ளே மாட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். பூட்டைத் தலைகீழாகப் பிடித்துக் குதிகாலிலிருந்து பார்த்தால் பிளேடு முழுக்க ஒரே நேர்கோட்டில் தெரிய வேண்டும். நடுவில் வளைந்து தெரிந்தால் இரண்டு தூணும் ஒரே வரிசையில் இல்லை என்று அர்த்தம். அப்படியே அடித்துவிட்டால் ஸ்கேட் ஒரு பக்கமே இழுக்கும், பிளேடைக் கழற்றி மாட்டுவதும் கஷ்டம். பழைய துளைகளையே பயன்படுத்துவதால் பெரும்பாலும் தானாகவே நேராக வரும், இருந்தாலும் பாருங்கள்.

சாணை பற்றி ஒரு வார்த்தை. கத்திக்குச் சாணை பிடிப்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஹாக்கி பிளேடின் அடி கத்தி மாதிரி கூர் இல்லை, தட்டையும் இல்லை. சுமார் 3 மி.மீ. தடிமனில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. பள்ளத்தின் இரண்டு கரைகள்தான் ஐஸைக் கடிக்கும் விளிம்புகள். சாணைக்கல்லின் முகத்தையே வைரமுனையால் அந்த வளைவுக்குச் சீவிவிட்டு, பிளேடை நீளவாக்கில் அதன் மேல் ஓட்ட வேண்டும். குறுக்கே வைத்துத் தீட்டினால் பள்ளமும் போகும், விளிம்பும் போகும்.

கணியம்பாடிக்காரன்:

சாணை மெஷின் முகாமில் இருக்கிறது, கவலை இல்லை. புது பிளேடை அப்படியே மாட்டி ஓடலாமா? பள்ளம் எவ்வளவு வைக்கச் சொல்வது? எனக்கு எடை 68 கிலோ.

ஸ்கார்பரோ தமிழ்:

புது ஸ்டீல் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் பெட்டியில் வரும், ஓட்டினால் வழுக்கும். பள்ளத்தை ஆரத்தால் சொல்வார்கள். அரை அங்குலம் பொதுவான அளவு. ஆரம் குறையக் குறையப் பள்ளம் ஆழம், பிடிப்பு அதிகம், ஆனால் சறுக்கும் வேகம் குறையும். உறைந்த குளத்து ஐஸ் கடினமானது, உங்கள் எடையும் அதிகமில்லை. அரை அங்குலத்தில் ஆரம்பியுங்கள். திரும்பும்போது கால் வழுக்கினால் அடுத்த முறை 7/16 கேளுங்கள். பிரேக் பிடிக்கவே வராமல் ஐஸில் மாட்டிக்கொண்டால் 5/8 போங்கள்.

காட்பாடி ஸ்கேட்டிங் சார்:

பிள்ளைகளுக்கு ரோலர் ஸ்கேட்டிங் சொல்லித் தருகிறேன். எங்கள் ஸ்பீடு பூட்டில் சக்கரம் மாட்டிய ஃபிரேமுக்கு ரிவிட் இல்லை, 165 அல்லது 195 மி.மீ. இடைவெளியில் இரண்டு போல்ட். சாவி இருந்தால் பிள்ளையே கழற்றி மாட்டும். ஐஸ் ஹாக்கியில் ஏன் இன்னும் ரிவிட்டைக் கட்டி அழுகிறார்கள்?

ஸ்கார்பரோ தமிழ்:

எடை குறைவு, மேலே பக் பட்டாலும் தலை நீட்டிக்கொண்டு நிற்காது. ஆனால் சார் கேட்டது நியாயம்தான். பழுது பார்க்கிறவனைக் கேட்டால் போல்ட்டுக்குத்தான் ஓட்டுப் போடுவான்.

கணியம்பாடிக்காரன்:

தகவலுக்காக: ஹோல்டரும் பிளேடு ஜோடியும் வந்து சேர்ந்தன. பாயைப் போய்ப் பார்த்தேன். விரல் பக்கம் இரண்டுக்கு மட்டும் போல்ட், மீதி எல்லாம் செம்பு ரிவிட். இடது பக்கத்து லூஸும் போய்விட்டது, பிளேடு நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. கூலி வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, பிரியாணி வேறு போட்டு அனுப்பினார்.

ஆம்பூர் லெதர் பாய்:

மேலே போய் முதல் தடவை ஓடிவிட்டு அந்த இரண்டு நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். திரும்பிப் போகிற வரை பிளேடைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்காதீர்கள், உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும். துடைத்துவிட்டுப் பழைய துண்டில் சுற்றி வையுங்கள்.