முருகேசன்–கண்ணகி வழக்கு: தீர்ப்புக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஏன்?

கேள்வி:
சாதி மறுத்து மணந்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே நஞ்சு கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021 செப்டம்பரில். உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில். இதேபோல் சாதி மறுத்து மணந்த உடுமலை சங்கரின் கொலையோ 2016 மார்ச்சில் நடந்தது. 2017 டிசம்பரிலேயே திருப்பூரில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒரே மாநிலம், ஒரே சட்டம். குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கு முழு வாய்ப்பு தருவதற்காகத்தான் காலம் பிடிக்கிறது என்கிறார்கள். அது உண்மையானால் உடுமலை வழக்கில் நியாயம் குறைந்துவிட்டதா?

மறுமொழி 1:
குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஐயா. உடுமலையில் பட்டப்பகலில் நடந்த தாக்குதல் கேமராவில் பதிவாகியிருந்தது. காயத்துடன் உயிர் தப்பிய மனைவி கடைசிவரை சாட்சியத்தில் உறுதியாக நின்றார். விருத்தாசலம் வழக்கிலோ உள்ளூர்க் காவல்துறையின் புலனாய்வே கோணலாகி, 2004-இல் சிபிஐ கையில் எடுக்க வேண்டியிருந்தது. பின்னர் காவல் அதிகாரிகள் இருவரும்கூட தண்டனை பெற்றார்கள். ஆக, அங்கே இழந்த ஆண்டுகளை குற்றம்சாட்டப்பட்டவர்களின் உரிமைக்கான விலையென்று கணக்கெழுத முடியாது. விரைந்து வந்த உடுமலைத் தீர்ப்பையும் உயர் நீதிமன்றம் 2020-இல் அலசி, சங்கருடைய மனைவியின் தந்தையை விடுவித்தது. ஐவரின் தூக்குத் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அந்த முடிவில் எனக்கு வருத்தம் உண்டு. ஆயினும், விரைவான விசாரணை மேல்முறையீட்டு வாய்ப்பை யாரிடமிருந்தும் பறித்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மறுமொழி 2:
தாமதம் முதலில் அரிப்பது சாட்சிகளைத்தான். காஞ்சிபுரம் கோயில் மேலாளர் சங்கரராமன் வழக்கில் கொலை நடந்தது 2004-இல். குற்றம்சாட்டப்பட்ட தரப்பு கோரியபடி உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. நியாயமான விசாரணைக்கு அவர்களுக்கும் உரிமை உண்டு என்பதால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2013-இல் அனைவரும் விடுதலையானபோது, விசாரிக்கப்பட்ட 189 சாட்சிகளில் 83 பேர் பிறழ் சாட்சிகளாகியிருந்தார்கள், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்திருந்தார்கள். அவர்கள் பிறழ்ந்ததற்கு அச்சமோ, ஆசையோ, முன்பு காவல்துறை எழுதிக்கொண்டதே பொய்யோ, எதுவாகவும் இருக்கலாம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதைப் பிரித்தறிய எந்த நீதிபதிக்கும் வழியில்லை.

மறுமொழி 3:
என் அண்ணன் கொலை வழக்கில் என் தாயார் முதல் விசாரணையில் சாட்சி சொன்ன அன்று, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாய்தா வாங்கினார். குறுக்கு விசாரணைக்கு அம்மா மீண்டும் கூண்டேறியது பதினான்கு மாதங்கள் கழித்து. அதற்குள் ஊரில் எங்களோடு பேசுவோரே இல்லாமல் போனார்கள். சம்பவம் நடந்த நேரத்தைக் கேட்டபோது அம்மா தடுமாறினார். அந்தத் தடுமாற்றமே தீர்ப்பில் முரண்பாடாக இடம்பெற்றது. இதற்குச் சட்டத்தில் தடையே இல்லையா?

மறுமொழி 1:
அம்மா பட்டதைப் படிக்கவே மனம் வலிக்கிறது. தடை இருக்கிறது. சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால் நாள்தோறும் நடத்த வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே சொன்னது. இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. குறுக்கு விசாரணையை நீண்ட நாள் தள்ளிப்போடுவதை உச்ச நீதிமன்றம் 2015-இல் வினோத்குமார் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. நடைமுறையில் நீதிபதி முன் அன்றாடம் குவியும் வழக்குகளுக்கிடையே வாய்தா மறுக்கப்படுவது அரிது. அரசு வழக்கறிஞரும் பல வேளைகளில் எதிர்ப்பதில்லை. ஆகவே குடும்பத்தார் தனி வழக்கறிஞர் மூலம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுத்து வடிவில் ஆட்சேபம் பதிவு செய்வது நல்லது. நீதிமன்றத்தை மாற்றவும் கேட்கலாம்: வேறு சாதிப் பெண்ணுடன் பழகியதற்காகக் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கு அவருடைய தாயாரின் மனுவின் பேரில்தான் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது, 2022 மார்ச்சில் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டார்கள்.