கொழுந்துக் கையும் கவ்வாத்துக் கையும்: எலும்பு, மூட்டு, தசை பற்றி நாங்கள் பகிர்ந்துகொண்டவை

தலவாக்கலை, உயர்தர உயிரியல் ஆசிரியை

மேல் அவயவ என்புகளை நான் ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில்தான் கற்பித்து வந்தேன். காறை என்பு ஒன்று, தோட்பட்டை என்பு ஒன்று, மேற்கையில் புயவென்பு ஒன்று, முன்கையில் ஆரையும் அரந்தியும், மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என எண்ணி முடித்தால் ஒரு பக்கத்துக்கு 32 வரும். வளர்ந்தவரின் உடலிலுள்ள 206 என்புகளில் 64 இரண்டு கைகளுக்கே போய்விடுகின்றன என்று சொன்னால் பிள்ளைகள் வியப்பார்கள், நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். சென்ற தவணையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க அம்மாவுக்குக் கொழுந்தைக் கூடையில போடக் கை ஏற மாட்டேங்குது, அது எந்த எலும்பு?" என்று கேட்டபோதுதான், அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்னால் எந்தப் பதிலும் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய லயத்துக்கு, தோட்டத்துத் தொடர்வீட்டுக்கு, போனேன். அம்மாவைக் கையைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தச் சொன்னேன். தொடக்கத்தில் சிரமமில்லை, கை தோள் மட்டத்தை நெருங்கும்போது முகம் சுருங்கியது, அதைத் தாண்டி மேலே போனதும் வலி குறைந்தது. ஏறத்தாழ 60 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையில் மட்டும் வரும் இந்த வலியைப் பற்றி நான் படித்திருந்தேனே தவிர, ஒருவரிடம் நேரில் பார்த்ததில்லை. தோட்பட்டை என்பின் மேல்விளிம்பில் கிடக்கும் ஒரு சிறு தசையை எலும்போடு பிணைக்கும் நாரான தசைநாண், தோளின் உச்சியில் கூரைபோல் நீண்டிருக்கும் என்பு முனைக்குக் கீழாக ஓடிப் புயவென்பின் பந்து போன்ற தலையில் ஒட்டுகிறது. கை அந்த உயரத்துக்கு வரும்போது, கூரைக்கும் பந்துக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய வெளியில் அந்தத் தசைநாண் நெரிபடுகிறது.

கொழுந்து எடுப்பவரின் வேலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறித்துக் கைநிறைந்ததும், அதைத் தோளுக்கு மேலாகப் பின்னோக்கி வீசி முதுகுக் கூடைக்குள் போட வேண்டும். வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறியதிலிருந்து மாலையில் கொழுந்து நிறுக்கும் வரை இதே வீச்சுத்தான். எண்ணிப் பார்க்கலாமென்று நான் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

உங்கள் கையோ உங்கள் வீட்டாரின் கையோ இப்படி எதையாவது கற்றுத் தந்திருந்தால் எழுதுங்கள்.

பதுளை, இயன்மருத்துவர்

ஆசிரியை எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தோளைப் பந்துக்கிண்ண மூட்டு என்கிறோம். ஆனால் அங்கே கிண்ணம் என்று சொல்லத்தக்க ஆழம் எதுவும் இல்லை. சிறிய தட்டின்மேல் தேங்காயை நிறுத்தியதுபோலத்தான் புயவென்பின் தலை நிற்கிறது. அது உருண்டு விழாமல் நான்கு சிறு தசைகள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. ஆசிரியை சொன்ன நெரிபடும் தசை அந்த நால்வரில் ஒருவர். எல்லாத் திசைகளிலும் கையை வீச முடிவதற்கு இந்த ஆழமின்மையே காரணம். உடலின் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவது தோளாக இருப்பதற்கும் இதுவே காரணம். மழைக்காலத்தில் தோட்டத்து வடிகாலான காணில் வழுக்கி விழுந்து, நழுவிய தோளோடு வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பந்து முன்பக்கமாகவே வெளியேறுகிறது.

எனக்கு அதிகம் பாடம் கற்பித்தது தோளல்ல, முழங்கை. தேயிலைச் செடிகளைக் கத்தியால் கத்தரித்துவிடும், அதாவது கவ்வாத்து வெட்டும் ஒருவர், முழங்கையின் வெளிப்புற மேட்டில் வலி என்று வந்தார். ஏற்கனவே முழங்கையில் தைலம் தேய்த்து, பற்றுப் போட்டு, துணியால் இறுகக் கட்டியும் இருந்தார். மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்தேன். முழு அளவில் வேலை செய்தது, வலியும் இல்லை. மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லி நான் கீழே அழுத்தியபோது மட்டும் "அங்கதான்!" என்று கத்தினார்.

காரணத்தை உங்கள் கையிலேயே பார்க்கலாம். இடக்கையால் வலது முன்கையின் வெளிப்புறத்தை முழங்கைக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொண்டு, வலக்கையை இறுக மூடுங்கள். விரல்களை மடக்கும் தசைகள் உள்புறத்தில் இருந்தாலும், உங்கள் இடக்கையின் கீழ் வெளிப்புறத் தசைகளும் விறைப்பதை உணர்வீர்கள். மணிக்கட்டை நிமிர்த்தி வைத்திருக்கும் அந்தத் தசைகள் வேலை செய்யாவிட்டால் பிடி இறுகாது. அவை தொடங்குவது புயவென்பின் வெளிப்புற மேட்டில். நாள் முழுவதும் கத்தியை இறுகப் பிடித்து, ஒவ்வொரு வெட்டின் அதிர்வையும் தாங்கும்போது, அந்தத் தொடக்கப் புள்ளிதான் நைந்துபோகிறது. மணிக்கட்டுத் தசையின் நோவை அவர் முழங்கையின் நோவாக எண்ணிப் பல மாதங்கள் கழித்துவிட்டார். டென்னிஸ் மட்டையைக் கண்ணாலும் காணாத ஒருவருக்கு "டெனிஸ் எல்போ" என்று கார்டில் எழுதுவது எனக்கு எப்போதும் சிறு சிரிப்பை வரவழைக்கும்.

ஹப்புத்தளை, ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்

முழங்கை என்றதும் எனக்குத் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடமான பிள்ளைக்காம்பரா நினைவுக்கு வருகிறது. காலையில் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று தாய்மார் பிள்ளையை ஒரு கையில் பிடித்துப் படிக்கட்டில் தூக்கி இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். சற்று நேரத்தில் ஆயா அந்தப் பிள்ளையை டிஸ்பென்சரிக்குத் தூக்கி வருவார். பிள்ளை கையைச் சற்று மடித்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, உடலோடு ஒட்டி வைத்திருக்கும், வீக்கம் இராது, கையைத் தொட்டாலே அழும். எல்லாரும் கை முறிந்துவிட்டதென்று பதறுவார்கள்.

முழங்கையை நாம் ஒரு மூட்டாக நினைத்தாலும், அங்கே ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. கதவுப் பிணைச்சல்போல் மடங்கி நீள்வது புயவென்புக்கும் அரந்திக்கும் இடையில். உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும்போது ஆரையின் தலை, அரந்தியின் பக்கத்தில் ஒரு வளையத்துக்குள் சுழல்கிறது. அந்த வளையம் ஓர் இணையம், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார்ப்பட்டி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில், நீட்டிய கையைத் திடீரென இழுத்தால் ஆரையின் தலை வளையத்திலிருந்து சற்று நழுவி, வளையத்தின் விளிம்பு மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். முறைப்படி பயின்றவர் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி முழங்கையை மடக்கினால், விரலின் கீழ் ஒரு சிறு சொடுக்கு உணரப்படும். பிள்ளையின் முன் ஒரு பிஸ்கட்டை நீட்டிவிட்டுக் காத்திருப்பேன். சில நிமிடங்களில் அதே கையால் எடுத்துவிடும். என் சேவைக்காலத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டில் பாதி இந்தச் சொடுக்குக்காகவே கிடைத்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் விழுந்து அடிபட்ட பிள்ளைக்கும் வீக்கமுள்ள பிள்ளைக்கும் இதைச் செய்யவே கூடாது. பிள்ளைகள் விழும்போது புயவென்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிவதுண்டு. அந்த முறிவின் கூர்முனைக்கு முன்னால்தான் கைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய நாடி போகிறது. அத்தகைய பிள்ளையை உருவிவிடக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் எத்தனையோ பேரிடம் மன்றாடியிருக்கிறேன். எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியரான வெதமாத்தையாவின் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன். மணிக்கட்டில் நாடித்துடிப்பு இல்லாத பிள்ளையை அவரே என்னிடம் அனுப்பிய நாளும் உண்டு.

நுவரெலியா, மரக்கறித் தோட்டக்காரர்

எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் இருவர் ஒரே மாதிரி விழுந்தோம். அப்பாயி பனியில் நனைந்த படியில் சறுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். நான் கரட் மூட்டை ஏற்றிய லொறியிலிருந்து இறங்கும்போது அதேபோல் ஊன்றி விழுந்தேன். அப்பாயிக்கு ஆரை என்பு மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து, கை கவிழ்த்த முள்கரண்டிபோல் வளைந்துவிட்டது. பார்த்தவர் எவருக்கும் சந்தேகமே வரவில்லை. இந்த முறிவை அயர்லாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஏபிரகாம் கொலஸ் 1814இல், அதாவது எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே விவரித்துவிட்டாராம். வயதான பெண்களின் எலும்பு ஐதாகிவிடுவதால் அந்த இடமே முதலில் விட்டுக்கொடுக்கிறது.

என் கதை வேறு. வளைவும் இல்லை, பெரிய வீக்கமும் இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, சுளுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். பெருவிரலை அகல விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம் ஒரு சிறு பள்ளம் தெரியுமே, அதை அழுத்தினால் மட்டும் உயிர் போகும். அந்தப் பள்ளத்தின் அடியில் படகு வடிவில் ஒரு மணிக்கட்டென்பு இருக்கிறது என்றும், அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்றும், ஐயமிருந்தால் கையை அசையாமல் கட்டிவைத்து இரண்டு வாரமளவில் மறுபடி படம் எடுக்க வேண்டும் என்றும் எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கமிருந்து நுழைந்து பின்னோக்கிப் போகிறதாம். நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றிச் செத்துவிடக்கூடும். கடைசியில் எனக்கு ஆணி வைத்துப் பொருத்தினார்கள். மணிக்கட்டு முன்புபோல் மடங்குவதில்லை. அப்பாயி இன்றும் ரொட்டி தட்டுகிறார்.

கண்டி, பேராதனையில் மருத்துவம் பயின்றவர்

உடற்கூற்று அறையில் முன்கையைத் திறந்த அன்று நடந்ததை எழுதுகிறேன். விரல்களுக்குள் தசையே இல்லை என்று விரிவுரையில் கேட்டிருந்தேன்; நம்பியதாகவும் நினைத்திருந்தேன். முன்கையில் ஒரு தசைநாணை இடுக்கியால் மெதுவாக இழுத்தபோது, ஒரு சாண் தள்ளி இருந்த நடுவிரல் எங்களை நோக்கி மடங்கியது. தன் உடலைத் தானமாகத் தந்த அந்த முதியவருக்கு மனத்துக்குள் வணக்கம் சொல்லிவிட்டு, என் உள்ளங்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு நினைவு வந்தது அம்மாவின் கை. அவர் இரவில் எழுந்து உட்கார்ந்து கைகளை உதறுவார். "பனிக்கு மரத்துப் போகுது" என்பார்; நாங்களும் அப்படியே நம்பினோம். மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் சேர்ந்து ஒரு வளைந்த தரையை அமைக்க, அதன்மேல் ஓர் இணையம் கூரையாகக் கிடக்கிறது. அந்தச் சுரங்கத்துக்குள் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. ஓயாமல் விரல் மடக்குபவரில் தசைநாண்களைச் சூழ்ந்த உறைகள் தடித்தால், நசுங்குவது நரம்புதான்.

அடுத்த விடுமுறைக்குப் போனபோது ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "அம்மா, சுண்டுவிரலும் மரக்குதா?" அவர் யோசித்து, "இல்லையே, அது மட்டும் நல்லாத்தான் இருக்கு" என்றார். சுண்டுவிரலின் நரம்பு அந்தச் சுரங்கத்துக்கு வெளியே போகிறது. பனியாக இருந்திருந்தால் ஐந்து விரலுக்கும் பொதுவாக இருந்திருக்கும். பெருவிரலின் அடிச் சதை அதற்குள் தட்டையாகிவிட்டது. குத்துவிளக்கின் திரியை ஒழுங்காகத் திரிக்க முடியவில்லை என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். கூரை இணையத்தை வெட்டிவிடும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரவுத் தூக்கம் திரும்பியது. சதை முழுவதுமாகத் திரும்பவில்லை.

தலவாக்கலை, உயர்தர உயிரியல் ஆசிரியை

எல்லாவற்றையும் வகுப்பில் வாசித்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் இடக்கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு கையை மூடித் திறந்தார்கள். மாணவியின் அம்மா கிளினிக்குக்குப் போய்வருகிறார். தோட்பட்டையை நிமிர்த்திப் பின்னிழுக்கும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், சில வாரங்களுக்குக் கூடையை இடத் தோளுக்குச் சற்றுத் தாழ்த்திக் கட்டிக்கொண்டு இடக்கையால் வீசிப் பார்க்கிறார்.

பாடம் முடியும் நேரத்தில் அதே மாணவி மறுபடி எழுந்தாள். கூடைக் கயிறு கிடப்பது அம்மாவின் தோளில் அல்லவே, தலையில். அப்படியானால் அந்தப் பாரத்தைத் தாங்குவது எது என்று கேட்டாள். கழுத்தில் ஏழு முள்ளந்தண்டென்புகள் இருக்கின்றன, திங்கட்கிழமை அங்கிருந்து தொடங்குவோம் என்றேன்.