புதுப்பிப்பு: 2022 ஆல்பம் தரவரிசை, இழுபறி தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. மறந்தவர்களுக்கு: 2022-இல் வந்த நான்கு தமிழ்ப் பட ஆல்பங்களை நாங்கள் ஏழு பேர் தரவரிசைப்படுத்தினோம்; முதலிடத்தில் இழுபறி வந்ததால் எப்படித் தீர்ப்பது என்று கேட்டிருந்தேன். முதலிடத்துக்கு ரகுமான் இசையமைத்த 'பொன்னியின் செல்வன்'க்கு மூன்று ஓட்டு, அனிருத்தின் 'திருச்சிற்றம்பலம்'க்கு மூன்று, ரகுமானின் 'வெந்து தணிந்தது காடு'க்கு ஒன்று. அனிருத்தின் 'விக்ரம்'க்குப் பூஜ்யம்.

குலுக்கல் யோசனையை யாரும் ஏற்கவில்லை. கைகொடுத்தது போர்டா முறைதான்: நான்கு ஆல்பங்களையும் ஒவ்வொருவரும் வரிசைப்படுத்தி, முதலிடத்துக்கு 4 புள்ளி, அப்புறம் 3, 2, 1. டீக்கடை மேசையில் பழைய பில்லின் பின்பக்கத்தில் கூட்டினோம்.

எதிர்பாராதது என்னவென்றால், ஒற்றை ஓட்டு வாங்கிய 'வெந்து தணிந்தது காடு' 22 புள்ளியோடு முதலிடம்! 'பொன்னியின் செல்வன்' 20, 'திருச்சிற்றம்பலம்' 19, 'விக்ரம்' 9. சண்டை போட்ட ஆறு பேருமே 'வெந்து தணிந்தது காடு'வைத்தான் இரண்டாவதாக வைத்திருந்தோம். எப்படியோ, இரண்டு கோஷ்டியும் தோற்றது, முதலிடம் ரகுமானுக்கே. 'மல்லிப்பூ' ஒரு பாட்டுக்காக விழுந்த புள்ளிகள் என்று அனிருத் கோஷ்டி இன்னும் முணுமுணுக்கிறது.